கத்தரித்த துணியும் கப்பலேறிய நாற்காலியும்

வடிவமைப்புக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் பாதிதான். மீதி, புத்தகமாகாத சரக்கு: துணித் துண்டுகள், காகித மாதிரிகள், கலயங்கள், விளக்குகள், நாற்காலிகள், படித்து முடித்துப் போன மாணவர்கள் விட்டுச் சென்ற ஆய்வேடுகள். இந்தச் சரக்கை யார் சேர்த்தார்கள், எதற்குச் சேர்த்தார்கள், பக்கத்தில் ஒட்டிய சீட்டில் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் போதும். அந்தக் கல்விக்கூடம் உண்மையில் எதைச் சொல்லிக்கொடுக்கிறது என்பது பாடத்திட்டத்தைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

இரண்டு தொகுப்புகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 1866-ல் லண்டனில் தயாரான இந்தியத் துணி மாதிரி நூல்கள். மற்றது, 1959-ல் நியூயார்க்கிலிருந்து இந்தியாவுக்கு வந்து, பிறகு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அதாவது என்.ஐ.டி.யில், சேர்ந்த பொருள்கள். முன்னது நம் துணியை வெள்ளைக்காரனுக்குப் பாடமாக வைத்தது. பின்னது மேல்நாட்டுச் சாமான்களை நமக்குப் பாடமாக வைத்தது. இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

துணி நூல்களைச் செய்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். பம்பாய் ராணுவத்தில் மருத்துவராக இருந்தவர். லண்டனுக்குத் திரும்பிய பிறகு இந்திய விளைபொருள்கள், கைத்தொழில் பொருள்கள் பற்றி அரசுக்கு அறிக்கை தரும் அதிகாரியானார். (1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரும் மருத்துவர்தான். கம்பெனி டாக்டர்களுக்கு நாடி பிடித்த நேரம் போக நிறைய நேரம் மிஞ்சியிருக்கும் போலும்.) லண்டன் இந்தியா மியூசியத்தின் இருப்பிலிருந்த துணிகளை எடுத்து வெட்டி 700 மாதிரிகளாக்கினார் வாட்சன். அவற்றை 18 தொகுதிகளில் ஒட்டினார். இப்படி 20 செட். கணக்குப் போட்டால் 14,000 துண்டுகள். தறியில் ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்ததை மேசைமேல் விரித்து இருபதாகக் கூறுபோட்டிருக்கிறார்கள். நெசவு தெரிந்தவருக்கு இதைக் கேட்டாலே வயிறு எரியும்.

ஆனால் வெட்டியதில் ஒரு யோசனை இருந்தது. கரையும் உடலும் முந்தானையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று துண்டைப் பார்த்தே முழுத் துணியையும் ஊகிக்க முடிய வேண்டும் என்பது வாட்சனின் கணக்கு. துணிகளை அவர் அழகு வரிசையில் அடுக்கவில்லை. உடுத்தும் முறைப்படி அடுக்கினார். தலைப்பாகை, லுங்கி, வேட்டி, சேலை என்று தைக்காமல் அப்படியே உடுத்துபவை ஒரு பக்கம். வெட்டித் தைப்பதற்கான பீஸ் துணி இன்னொரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், எடை, எந்த ஊர்த் துணி என்ற விவரங்கள். யார் எதை எப்படி உடுத்துகிறார்கள் என்று விளக்கப் படங்களோடு தனியாக ஒரு துணை நூலும் அதே ஆண்டில் வெளியிட்டார்.

இத்தனை அக்கறை எதற்கு? வியாபாரத்துக்கு. ஆங்கிலேய மில்காரர்களிடம் இயந்திரம் இருந்தது. இந்தியாவில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்ற அறிவு இல்லை. நீளம் குறைந்த தலைப்பாகையையும் கரை இடம் மாறிய சேலையையும் அனுப்பிவிட்டு, ஏன் விற்கவில்லை என்று கேட்டால் யார் பதில் சொல்வது? அந்த அறியாமையைப் போக்கத்தான் இந்த நூல்கள். நுண்ணிய கைவேலைத் துணிகளில் இயந்திரத்தால் போட்டியிட முடியாது, சாதாரண ஜனங்கள் அன்றாடம் உடுத்தும் துணியில்தான் சந்தை இருக்கிறது என்று வாட்சன் பச்சையாகவே எழுதினார். மூடி மறைக்காத கொள்ளைத் திட்டம் என்றே இதைச் சொல்லலாம். ஆனால் மில்காரரைச் சாமானியர்களின் அளவையும் எடையையும் கவனிக்க வைத்ததும் இதே திட்டம்தான்.

முதலில் 20 செட்டையும் பிரிட்டனிலேயே வைத்துக்கொள்வதாக இருந்தது. பிறகு 13-ஐ அங்கே நெசவு, வணிக நகரங்களுக்குக் கொடுத்துவிட்டு, 7-ஐ இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று சென்னைக்கு. இது பெருந்தன்மையல்ல. எல்லாச் செட்டிலும் மாதிரி எண் ஒன்றே. சென்னையிலுள்ள ஏஜென்ட் ‘இந்த எண்ணுள்ள துணி இங்கே போகும்’ என்று கடிதம் போட்டால், மான்செஸ்டரில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்துத் தறியை ஓட்டலாம். நூலகப் பட்டியல் எண்ணையே சரக்கு ஆர்டர் எண்ணாக்கிய சாமர்த்தியம். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருப்பவர்கள் ஒரே துணியை விரலால் தடவிக்கொண்டே பேரம் பேச முடிந்தது. பட்டியல் எண்ணுக்கு இப்படியொரு வேலை கொடுத்த நூலகர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

அடுத்த தொகுப்புக்கு வருவோம். 1955-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் இந்தியத் துணிகளையும் அணிகலைகளையும் பெரிய கண்காட்சியாக வைத்தது. அந்தத் தொடர்பின் வழியாகத்தான் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து சுற்றினார்கள். 1958-ல் அவர்கள் கொடுத்த ‘இந்தியா ரிப்போர்ட்’ தான் என்.ஐ.டி. பிறக்க வித்து, நிறுவனம் 1961-ல் தொடங்கியது. அகமதாபாதின் மில் முதலாளிக் குடும்பத்தைச் சேர்ந்த கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும் அதை வளர்த்தார்கள். கேலிகோ துணி அருங்காட்சியகத்தை 1949-லேயே தொடங்கியிருந்தவர்கள் அவர்கள்.

ரிப்போர்ட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில், 1959-ல், வந்து சேர்ந்தவை நியூயார்க் பெட்டிகள். ‘இன்றைய அமெரிக்க, ஐரோப்பிய வடிவமைப்பு’ என்ற கண்காட்சி. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. பொருள்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் நவீன கலை அருங்காட்சியகத்தார். நாற்காலி, கண்ணாடிப் பாத்திரம், சமையலறைச் சாமான் என 300-க்கும் மேற்பட்ட பொருள்கள் டெல்லியில் தொடங்கிப் பல நகரங்களைச் சுற்றின. சுற்று முடிந்ததும் திரும்பிப் போகவில்லை; நம் மாணவர்களும் சிறுதொழில்காரர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று இங்கேயே தங்கி, என்.ஐ.டி.க்கு வந்தன.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டக் காலம் அது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளிநாட்டுச் சாமான் எதை வாங்குவதற்கும் லைசென்ஸ். அந்தக் கண்காட்சியில் நாற்காலியைப் பார்த்து ஆசைப்பட்டவர் அதைக் கடையில் வாங்கியிருக்க முடியாது. ஒட்டுப்பலகையை அந்த வளைவுக்கு அழுத்தும் இயந்திரமும் பெரும்பாலான பட்டறைகளில் இல்லை. வாட்சனின் மில்காரருக்கு இயந்திரம் இருந்தது, அறிவு இல்லை. 1959-ன் இந்தியச் சிறுதொழில்காரருக்குத் தரப்பட்டதோ ரசனைதான். இயந்திரமும் மூலப்பொருளும் வரவில்லை.

சீட்டுகளை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். வாட்சனின் பக்கத்தில் ஊர் உண்டு, அளவு உண்டு, எடை உண்டு; நெய்தவர் பெயர் இல்லை. அவருக்கு அது தேவைப்படவுமில்லை. நெய்தவரை விலக்கிவிட்டு நெய்யத்தானே அவர் வழி தேடினார். நவீன கலை அருங்காட்சியக மரபில் வடிவமைத்தவர் பெயர், தயாரித்த கம்பெனி, ஆண்டு, நாடு ஆகியவை வரும். பட்டறையில் பலகையை வளைத்த தொழிலாளி அங்கேயும் இல்லை. ஒன்றில் பெயரே கிடையாது. மற்றதில் ஒரே ஒரு பெயர், அதுவும் மேலிடத்துப் பெயர். யார் வாங்குவார், எப்படிப் புழங்குவார் என்ற கேள்வி வாட்சனிடம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. நியூயார்க் தேர்விலோ அந்தக் கேள்விக்கான விடையை முன்பே யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். ‘இது நல்ல வடிவமைப்பு’ என்ற தீர்ப்போடுதான் பெட்டி திறக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈம்ஸ் தம்பதியர் தங்கள் ரிப்போர்ட்டில் மிக உயர்வாகப் போற்றியது நாற்காலியை அல்ல, நம் வீட்டுச் செம்பை. அதை யாரோ ஒரு மேதை தனியாக உட்கார்ந்து வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு அந்த வடிவத்துக்கு வந்திருக்கிறது என்று எழுதினார்கள். அதோடு நிற்காமல், அப்படியொன்றைப் புதிதாகச் செய்வதென்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று கேள்விகளை அடுக்கினார்கள். எவ்வளவு கொள்ளும்? தலையில் சுமப்பதா, இடுப்பிலா? நிறைந்திருக்கும்போதும் காலியாகும்போதும் எடை எப்படி நிற்கும்? ஊற்ற வாகாக இருக்குமா? தேய்த்துக் கழுவ எளிதா? விலை என்ன? இவை கிட்டத்தட்ட வாட்சனின் கேள்விகளேதான். ஒருவர் சந்தையைப் பிடிக்கக் கேட்டார், மற்றவர்கள் கற்பிக்கக் கேட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டுக்கு அடுத்த ஆண்டு வந்திறங்கிய பெட்டிகளில் அந்தக் கேள்விகள் இல்லை. வேறொரு நாட்டார் தங்கள் வீட்டுக்குக் கண்டுபிடித்துக்கொண்ட விடைகள்தான் இருந்தன. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் வீட்டுக்கு நாற்காலியிலிருந்து பாடம் தொடங்கினால், அந்த வீட்டின் கணக்கு எங்கே வரும்?

ஆகவே, மாணவர் ஒருவர் இரண்டில் எதிலிருந்து அதிகம் கற்பார் என்று கேட்டால், வாட்சனின் நூல்களிலிருந்து என்பேன். கெட்ட நோக்கத்தில் செய்த நல்ல கருவி அது. நியூயார்க் தொகுப்பு நல்லெண்ணத்தில் வந்தது. அதில் பெரும்பாலும் வியக்கத்தான் இடம். இதைச் சொல்லும்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நல்ல பொருளை நேரில் பார்க்காமல் எந்த வடிவமைப்பாளரின் கண்ணும் தேறாது. படத்தில் பார்த்த நாற்காலி வேறு; அதைக் கவிழ்த்துப்போட்டு, கால் எங்கே சேர்கிறது, திருகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பது வேறு. அந்த வாய்ப்பை 1960-களில் இந்தியாவில் தந்தவை மிகக் குறைவு. அதனால் அந்தப் பெட்டிகளை வெறும் அமெரிக்கப் பிரச்சாரம் என்று ஒதுக்குவது நியாயமில்லை, பனிப்போர்க் காலத்து அரசியல் அதில் கலந்திருந்தாலும்.

தொடும் பொருள்களின் தலைவிதியும் இரண்டிலும் வேறு. புத்தகமாக மூடியே கிடந்ததால் துணிகளின் சாயம் நூற்றைம்பது ஆண்டு கடந்தும் பளிச்சென்றிருக்கிறது. வெளிச்சம்தான் துணிக்கு எமன். நியூயார்க் சாமான்களிலுள்ள ரப்பரும் பிளாஸ்டிக்கும் வெப்பத்தில் இறுகி நொறுங்குபவை. அகமதாபாத் கோடையை அவை எத்தனை காலம் தாங்கும்? கையால் தொட்டுப் பார்க்கவென்று செய்த துணி நூல்களை இன்று கவனத்தோடுதான் திறக்கிறார்கள்.

சரி, வந்த வேலையை அவை முடித்தனவா? வாட்சனின் நூல்கள் வெளிவந்தபோதே ஆங்கிலேய மில்கள் நிறைந்த லங்காஷயருக்கு இந்தியா மிகப் பெரிய சந்தை. நம் நெசவாளர் பலர் ஏற்கெனவே நொடிந்திருந்தார்கள். அந்த நூல்கள்தான் தறியை நிறுத்தின என்பது மிகை. பருத்தி நகரமான பிரஸ்டனுக்குப் போன செட் இன்று அங்குள்ள ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தியச் சாமானியர்கள் என்ன உடுத்தினார்கள் என்று தேடுபவர்கள் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. பட்டும் சரிகையும் அரண்மனைகளில் பிழைத்துக்கொண்டன. கிழியும்வரை உடுத்தும் வேட்டியை யார் பத்திரப்படுத்துவார்கள்? சந்தையைப் பிடிக்க வந்தவரின் கத்தரிதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

என்.ஐ.டி.யில் நடந்தது வேறு. ஈம்ஸின் செம்புக் கேள்விகளுக்கான பதில் நியூயார்க் பொருள்களிலிருந்து வரவில்லை. மாணவர்கள் ஊர் ஊராகப் போனதிலிருந்து வந்தது. கைவினை ஆவணம் என்று அங்கே ஒரு பாடம் உண்டு. மாணவர்கள் ஒரு கைவினை ஊரில் போய்த் தங்கி, கருவிகள், மூலப்பொருள், செய்முறையின் படிகள், விற்பனை எல்லாவற்றையும் வரைந்து, படமெடுத்து, எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஏடுகள் நூலகத்தில் சேர்கின்றன. இந்த வழியில் வளர்ந்தவைதான் அங்கே ஆசிரியராக இருந்த எம். பி. ரஞ்சன் குழுவினரின் வடகிழக்கு மூங்கில், பிரம்பு நூலும் (1986), அதிதி ரஞ்சனோடு சேர்ந்து அவர் தொகுத்த, நாடு முழுவதையும் மாநிலவாரியாகத் தழுவிய ‘ஹேண்ட்மேட் இன் இந்தியா’வும் (2007). ரஞ்சன் சென்னையில் பிறந்தவர். தந்தை பொம்மைத் தொழிற்சாலை நடத்தியவர் என்பதால் பட்டறை அவருக்குப் பிறந்த வீடு.

வாட்சனிடம் இருந்த அளவும் எடையும் இந்த ஏடுகளில் உண்டு. இரண்டு சீட்டுகளிலும் விடுபட்டுப் போன ஆளும் இங்கே வந்துவிடுகிறார்: செய்பவர், அவர் உட்காரும் விதம், கையில் பிடித்திருக்கும் கருவி. ஆனால் இந்த ஏடுகளின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், இருப்பது அகமதாபாதில். மான்செஸ்டரும் சென்னையும் ஒரே பக்கத்தைத் திறந்து பேச வாட்சன் வழி செய்தார். தமிழ்நாட்டுத் தறி ஒன்றைப் பற்றி ஒரு மாணவர் எழுதினால், அதன் தமிழ்ப் படி ஒன்று சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவன நூலகத்திலும் இன்னொன்று அந்த ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் இருக்க வேண்டும். அதில் ஊடை எண்ணிக்கை தப்பாக இருந்தால் நெய்பவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.