குப்பைக்குப் போன கசற்றுகள்

போன வருசம் யாழ்ப்பாணத்தில் ரேடியோ, ரீவி திருத்தும் ஒரு பழைய கடையில், கீழ்த் தட்டில் கிடந்த சொப்பிங் பாக் ஒன்றுக்குள் இருபத்தொரு ரீவி கேம் கசற் இருந்தது. விலை கேட்டேன். "தம்பி, இதை இனி ஆர் வேண்டப்போகினம்? எறியத்தான் எடுத்து வைச்சிருக்கிறன். சும்மா கொண்டு போ" என்றார் கடைக்கார ஐயா. கொண்டுவந்தேன். தூசி தட்டும்போதே அம்மாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. "இன்னும் குப்பை சேர்க்கிறான்" என்று பேச்சும் விழுந்தது.

குப்பைதான். ஆனால் இதே சாமானின் ஒன்றுவிட்ட சகோதரம் ஒன்று 2021 ஜூலையில் அமெரிக்காவில் ஏலம் போனது 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு. சுப்பர் மரியோ 64, பெட்டி பிரிக்கப்படாதது. அதற்கு இரண்டு நாள் முதல் செல்டா கசற் ஒன்று 8 இலட்சத்து 70 ஆயிரம் டொலர். அடுத்த மாதமே சுப்பர் மரியோ பிறதேர்ஸ் ஒன்று 20 இலட்சம். இத்தனைக்கும் சுப்பர் மரியோ 64 அபூர்வமான விளையாட்டே இல்லை. 1996 இல் வெளிவந்து ஒரு கோடிக்கு மேல் விற்றது. காசு கொடுக்கப்பட்டது விளையாட்டுக்கு அல்ல, மேலே சுற்றியிருந்த பொலித்தீனுக்கு. அதைப் பரிசோதித்து, புள்ளி போட்டு, கண்ணாடி மாதிரியான பெட்டியில் அடைத்துக் கொடுக்கவென்றே கொம்பனிகள் இருக்கின்றன. அப்படி அடைத்த பிறகு அதை ஒருவரும் விளையாட மாட்டார்கள்.

எந்தக் கசற் பொக்கிசம், எந்தக் கசற் குப்பை என்று ஆர் தீர்மானிக்கிறார்கள்? கசற் சேர்க்கத் தொடங்கும் எவரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு இந்தப் பிளாஸ்ரிக் பெட்டி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி வரை வீட்டு வீடியோ கேம் என்றால், மெஷினுக்குள் என்ன வைத்து விற்றார்களோ அவ்வளவுதான். பொங் மெஷின் வாங்கினால் பொங் மட்டும்தான். 1972 இல் வந்த மக்னவொக்ஸ் ஒடிசியில் செருகுவதற்கு அட்டைகள் இருந்தன. ஆனால் அந்த அட்டைகளில் நினைவகம் கிடையாது, மெஷினுக்குள் ஏற்கனவே இருந்த இணைப்புகளைத்தான் மாற்றிவிட்டன. விளையாட்டையே ஒரு சிப்பில் எழுதி, பெட்டியில் போட்டு, தனியாக விற்கலாம் என்ற எண்ணம் அல்பெக்ஸ் என்ற சின்னக் கொம்பனியில் உருவானது. அதை பெயர்சைல்ட் கொம்பனி எடுத்து, 1976 நவம்பரில் உலகின் முதலாவது றொம் கசற் மெஷினாக விற்பனைக்கு விட்டது. பின்னாளில் சனல் எப் என்ற பெயர் பெற்றது அந்த மெஷின். கசற் மஞ்சள் நிறம், எட்டுத் தட ஒலிநாடா அளவு.

அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லோசன். நியூயோர்க் புறூக்ளினில் பிறந்த கறுப்பின எஞ்சினியர். அந்தக் காலத்து சிலிக்கன் பள்ளத்தாக்கில் அவரைப் போன்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். இப்ப கேட்டால் இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஒரு சிப்பை நூற்றுக்கணக்கான தடவை ஒரு சின்னப் பிள்ளை செருகும், பிடுங்கும், இழுக்கும், ஆனால் பழுதாகக் கூடாது. இதற்கு முதல் அப்படி ஒரு பாவனைச் சாமான் உலகத்தில் இல்லை. லோசனின் ஆட்கள் அதைச் செய்தார்கள். ஆனால் அடுத்த வருசம் அட்டாரி தன்ர மெஷினோடு வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது, லோசனின் பெயர் மறைந்துபோனது. 2011 மார்ச்சில்தான் விளையாட்டு உருவாக்குநர்களின் சர்வதேசச் சங்கம் அவரைக் கௌரவித்தது. ஏப்ரலில் அவர் காலமானார்.

அட்டாரிக்கு என்ன நடந்தது என்பது கசற் வரலாற்றில் பெரிய பகிடி. 1979 இல் அதன் நல்ல புரோகிராமர்கள் சிலர் பெயரும் பங்கும் கிடைக்காத கோபத்தில் வெளியேறி அக்ரிவிஷனைத் தொடங்கினார்கள். மெஷின் செய்யாத ஒருவரும் கசற் விற்கலாம் என்ற கதவு அதோடு திறந்தது. பிறகு ஆளாளுக்குக் கசற் போட்டு, 1983 இல் அமெரிக்கச் சந்தையே விழுந்தது. 1982 நத்தாருக்காக ஐந்தே கிழமையில் ஒருவர் எழுதி முடித்த இ.ரி. விளையாட்டு அந்த வீழ்ச்சியின் முகமாகிப் போனது. விற்காத கசற்றுகளை அட்டாரி நியூ மெக்சிக்கோவில் அலமோகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் கொட்டிப் புதைத்தது. முப்பது வருசமாக இது நடந்ததா கட்டுக்கதையா என்று ஆட்கள் சண்டை பிடித்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள், இருந்தது. ஏறக்குறைய 1,300 கசற் வெளியே வந்தன. வேடிக்கை என்னவென்றால், அதில் இ.ரி. பத்தில் ஒரு பங்கு அளவுதான், மிச்சம் எல்லாம் வேறு வேறு விளையாட்டுகள். நசிந்து, நாறிக் கிடந்த அந்தக் கசற்றுகளில் சிலவற்றை நகரசபை ஒன்லைனில் ஏலம் விட்டு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் எடுத்தது. ஒன்று சிமித்சோனியன் நூதனசாலைக்குப் போனது. 1983 இல் குப்பை, 2014 இல் தொல்பொருள். கசற்றில் ஒரு பிற்றுக்கூட மாறவில்லை, அதைச் சுற்றி ஒரு கதை வளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கட சொப்பிங் பாக்கின் கதை வேறொரு கிளை. அமெரிக்கச் சந்தை விழுந்த அதே 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ பமிகொம் மெஷினை வெளியிட்டது. கசற்றில் 60 பின். இரண்டு வருசம் கழித்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது உடம்பைப் பெருப்பித்து, 72 பின் ஆக்கி, அனுமதி இல்லாத கசற் ஓடாதபடி பூட்டுச் சிப் ஒன்றையும் உள்ளே வைத்தார்கள். ஜப்பான் மெஷினில் அந்தப் பூட்டு இல்லை. அதனால்தான் தாய்வானிலும் பிறகு சீனாவிலும் பிரதி மெஷின்கள் சுலபமாக வந்தன. ரஷ்யாவில் அதற்குப் பெயர் டென்டி, போலந்தில் பெகாசஸ், எங்கட பக்கம் மைக்ரோ ஜீனியஸ். நின்டெண்டோ எட்டிக்கூடப் பார்க்காத அரைவாசி உலகம் நின்டெண்டோ விளையாடியது இப்படித்தான்.

தொண்ணூறுகளின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கே தடை. கொழும்பில் பெடியள் மரியோ விளையாடியபோது எங்கட அண்ணாமார் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். எங்கட வீட்டுக்கு ரீவி கேம் வந்தது 2002 இல் ஏ9 திறந்த பிறகு, மாமா கொழும்பில் இருந்து கொண்டுவந்தது. ஜப்பானில் 1985 இல் வெளிவந்த சுப்பர் மரியோ எங்களுக்குப் புத்தம் புதுசு. பதினேழு வருசம் பழசு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

இன்னொன்று. ஜப்பான், அமெரிக்க ரீவிகள் செக்கனுக்கு 60 தரம் படத்தைப் புதுப்பிக்கும், எங்கட பால் முறை ரீவிகள் 50 தரம். பாலுக்கென்று செய்த பிரதி மெஷினில் அதே விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாட்டும் இழுத்து இழுத்து வரும். முதன்முதல் யூரியூப்பில் மரியோ பார்த்தபோது வீடியோவை ஓடவிட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். எங்கட மரியோதான் ஆறுதலாக நடந்தவர்.

சரி, சேர்க்க விரும்பினால் என்ன செய்வது?

இணையத்தில் உள்ள ஆலோசனைகள் பெரும்பாலும் அமெரிக்கச் சேகரிப்பாளருக்கானவை. ஒரு மெஷினின் அதிகாரபூர்வப் பட்டியல் முழுவதையும் சேர், பெட்டியும் புத்தகமும் இருந்தால் கூட விலை, 1990 நின்டெண்டோ உலகப் போட்டிக்காகச் செய்த 26 தங்கநிறக் கசற்றில் ஒன்று கனவு. இங்கே இருந்து அந்த ஓட்டத்தில் ஓடினால் காசு முடியும், கசற் வராது. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா அமெரிக்கக் கசற் அனுப்பினாலும் 72 பின் எங்கட 60 பின் மெஷினில் ஏறாது. அதைவிட ஒரு சின்ன எல்லை போடுங்கள். உங்கட ஊரில் விளையாடப்பட்டவை மட்டும், அல்லது ஒரு மெஷினுக்கு வந்தவை மட்டும். தேடவேண்டிய இடம் ஈபே இல்லை. திருத்தும் கடைகள், மூடிய வீடியோக் கடைகளின் பின்னறை, பெரியம்மா வீட்டுப் பரண். கசற் மட்டும் போதாது. வாத்துச் சுடும் விளையாட்டுக்குத் துவக்கு வேண்டும், அந்தத் துவக்குக்குப் பழைய குண்டு ரீவி வேண்டும், தட்டை ரீவியில் அது வேலை செய்யாது. ஆட்கள் ரீவியைத் தெருவில் வைக்கும் காலம் இது, கண்டால் விடாதீர்கள்.

கொண்டுவந்ததும் செருகாதீர்கள். ஊதவும் வேண்டாம். நாங்கள் எல்லாரும் ஊதினோம், அது வேலை செய்தது மாதிரி இருந்ததற்குக் காரணம் திரும்பச் செருகியதுதான், எச்சில் ஈரமோ பின்னை அரிக்கும். ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் பின்களைத் துடைத்து, காயவிட்டு, பிறகு போடுங்கள். முடிந்தால் திறந்து பாருங்கள். நின்டெண்டோவின் அசல் கசற்றுக்குள் தொழிற்சாலையிலேயே தரவு பதித்த சிப் இருக்கும், இலகுவில் அழியாது. அழிவது வேறு இரண்டு. ஒன்று, சேமிப்புக்காக வைத்த வட்டப் பற்றரி. முதல் செல்டாவில் இருந்து பல கசற்றுகளில் இது உண்டு. செத்தால் விளையாட்டு இருக்கும், சேமித்தது போய்விடும். மாற்ற ஈயம் பிடிக்கத் தெரியவேண்டும். மற்றது, கண்ணாடி யன்னல் வைத்த, புற ஊதாக் கதிரால் அழித்து எழுதும் சிப். வெளிவராத மாதிரி விளையாட்டுகள் இப்படித்தான் இருக்கும், வருசம் போகப் போகத் தானாகவே தரவு கசியும்.

எங்கட கசற்றைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டும் இல்லை. பச்சைப் போர்ட்டில் கறுப்பாக ஒரு பிசின் பொட்டு, அதற்குள் சிப். அசலா போலியா என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தரும் வழிகாட்டிகள் எல்லாம் இந்தப் பொட்டைக் கண்டால் எறி என்றே சொல்லும். இந்த இடத்தில்தான் நான் அவர்களோடு பிரியிறன். அசல் மரியோவுக்குக் காவலாளிகள் ஏராளம், அதைச் செய்த கொம்பனியே இன்றும் விற்கிறது. 64 இன் 1 கசற்றுக்கு ஆர் இருக்கிறார்கள்? ஒரே விளையாட்டை வேறு வேறு பெயரில் நடுவில் இருந்து தொடங்கவிட்ட அந்தப் பட்டியலை, மரியோவின் தலையை மாற்றி ஒட்டிய அந்த ஆளை, ஒரு நூதனசாலையும் கேட்டு வரப்போவதில்லை. செய்தவன் பெயர் போடவில்லை, வருசமும் போடவில்லை.

அசல்களின் நிலையே நல்லாயில்லை. 2023 இல் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, 2010 இற்கு முதல் அங்கு வெளிவந்த விளையாட்டுகளில் 87 வீதம் இன்று கடையில் வாங்க முடியாதவை. ஆய்வாளர்கள் நூலகப் பிரதியைத் தூரத்தில் இருந்து விளையாடிப் பார்க்க அனுமதி கேட்டபோது 2024 ஒக்ரோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் நிற்பவற்றுக்கே இந்தக் கதி.

அதனால் நான் விலைப்பட்டியல் வைத்திருக்கவில்லை, ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கசற்றுக்கும் ஒரு பக்கம்: எங்கே கிடைத்தது, ஆர் தந்தது, எப்ப வேண்டினது, எத்தனை ரூபா, மெனுவில் என்ன எழுத்துப்பிழை. ஒட்டியிருந்த லேபலைப் படம் எடுத்துவிட்டுத்தான் துடைப்பேன். இருபத்தொன்றில் பதினான்கு ஓடின. ஒரு 64 இன் 1 இல் பொறுமையாக இருந்து எண்ணினேன், உண்மையில் பதினொரு விளையாட்டுத்தான். இன்னொன்றின் முதுகில் நீலப் பேனாவால் "9பி, திருப்பித் தரவும்" என்று எழுதியிருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் என்று இல்லை. கடைக்கார ஐயாவிடம் கேட்டேன், திருத்தக் கொண்டுவந்து தந்தவர்கள் திரும்பி எடுக்க வரவில்லை என்றார். எந்த வருசம் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "றோட்டுப் பூட்ட முதல்" என்றார்.

2006 ஓகஸ்டில் ஏ9 பூட்டியது. கொப்பியில் அப்படியே எழுதிவைத்தேன். அந்த 9பி கசற் இன்னும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா, ஈயம் வைத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.