கோதா யாருடையது? மற்போரில் பெண்களின் இடம் குறித்து ஒரு வரலாற்று ஆய்வு

மற்போர், மல்யுத்தம், குஸ்தி எனப் பல பெயர்களில் வழங்கிவரும் கலை, நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் காட்சித் தொழிலாக மாறியபோது அதற்குத் தொழில்முறை மல்யுத்தம் என்ற பெயர் ஏற்பட்டது. இத்தொழிலில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் போட்டியை நடத்தும் முதலாளியே முன்கூட்டி முடிவு செய்துவிடுவதால், கோதாவில் இறங்குபவர் தம் உடல்வலிமையோடு ஒரு நாடகப் பாத்திரத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதில் பெண்களின் இடம் எவ்வாறு மாறிவந்தது என்று ஆராய்வோர், அவர்கள் எந்த ஆண்டில் களமிறங்கினர் என்பதோடு நின்றுவிடாமல், களத்தை நடத்தியவர் யார், ஆட்டத்தின் முடிவும் வசூலும் யார் கையில் இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தக் கேள்வியோடு அணுகும்போது, பெண் மல்லர்களுக்குப் பெயர்போன பகுதியாக இல்லாத காவிரிப் படுகையின் வரலாறும் பயனுள்ள சான்றுகளைத் தருகிறது.

அவற்றுள் மிகப் பழையது சங்க இலக்கியத்தில் உள்ளது. உறையூர்ச் சோழன் தித்தனின் மகனாகிய போரவைக் கோப்பெருநற்கிள்ளி, தந்தையோடு பகைத்து வேற்றூரில் வறுமையில் வாழ்ந்தபோது ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் புறநானூற்றின் 80 முதல் 82 வரையுள்ள பாடல்களில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். அதற்கடுத்த மூன்று பாடல்கள் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவருடையவை. கால் ஒன்று எதிராளியின் மார்பில் அழுந்த, மற்றொன்று அவன் தந்திரத்தைத் தடுத்துப் பின்னே வளைந்து நின்ற பிடியைச் சாத்தந்தையார் அருகிலிருந்து கண்டவர்போல் வருணிக்கிறார். நக்கண்ணையாரின் பாடல்களில் பிடியும் இல்லை, பூட்டும் இல்லை. கிள்ளி வென்றான் என்று சிலரும் இல்லை என்று சிலரும் சொல்லக் கேட்ட பெண், காற்சிலம்பு ஒலிக்க ஓடிவந்து வீட்டுமுற்றத்துப் பனையின் அடிமரத்தில் சாய்ந்து நின்று அவன் வெற்றியைக் கண்டாள் என்பதுதான் 85ஆம் பாடலின் காட்சி. இன்னொரு பாடலில் தாய்க்கு அஞ்சுவதையும் அவைக்கு நாணுவதையும் அப்பெண் சொல்கிறாள். போர்க்களத்தை நெருங்க இயலாத தொலைவு பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்தபோதும், அந்தத் தொலைவிலிருந்தே மற்போரைப் பற்றிய மூன்று பாடல்கள் பிறந்தன. தமிழில் மற்போர் குறித்துப் பெண்ணொருவர் விட்டுச்சென்ற இந்தப் பதிவு, இதுவரை அகத்துறை நோக்கிலேயே மிகுதியும் படிக்கப்பட்டிருப்பது ஒரு குறையே.

பெண்ணின் உடல் பொதுவெளியில் வெளிப்படுவதைச் சோழநாடு முற்றிலும் விலக்கிவிடவில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடற்பெண்களாகிய 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும், அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் ஒதுக்கியதை அக்கோயிற் கல்வெட்டு அவர்களின் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்கிறது. ஆடும் உடலுக்கு நெல் அளந்த இந்த ஏற்பாட்டுக்கு இணையாகப் பொரும் உடலுக்கு ஒரு பங்கு பெண்களுக்கு அமைந்ததாகத் தெரியவில்லை. விசயநகரத்திலோ நிலைமை வேறாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்ச்சுகீசியர் பெர்னாவ் நூனிசு, மன்னரிடம் மற்போர் புரியும் பெண்கள் இருந்ததாக எழுதியுள்ளார். கணக்கெழுதும் பெண்களையும் சோதிடம் சொல்லும் பெண்களையும் அவர் அதே வரிசையில் குறிப்பிடுவதிலிருந்து, மற்போரும் அரண்மனைப் பெண்களின் பணிகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது எனலாம். அப்பேரரசின் கிளையாகத் தோன்றிய தஞ்சை நாயக்கர் அரசவையில் பெயர் பெற்ற பெண்கள் இராமபத்ராம்பா, மதுரவாணி போன்ற கவிஞர்களே. விசயநகர அவையின் கவிதையும் ஆடலும் தஞ்சையில் வேரூன்றின. அதன் பெண் மற்போரைத் தஞ்சை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

அரசவையின் ஆதரவு போய் நுழைவுச்சீட்டின் காலம் வந்தபோது, காட்சித் தொழிலில் பெண் உரிமையாளராகவும் இருக்க முடியும் என்று காட்டியவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, பெண்களையே நடிகர்களாகக் கொண்ட நாடகக் குழுவை அவர் நடத்தினார். அவருடைய நாடகத்துக்கு வருவோருக்காகவே ஓடிய தொடர்வண்டி ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பேசப்பட்டது. இது மற்போர் அன்று என்றாலும், வேடமும் உடலும் வசூலும் சேர்ந்த தொழில் என்ற வகையில் தொழில்முறை மல்யுத்தத்தோடு ஒப்பிடத்தக்கது.

மற்போர் மேடையில் அத்தகைய உரிமை இந்தியப் பெண்ணுக்கு எளிதில் கிட்டவில்லை என்பதற்கு அமீதா பானுவின் வாழ்க்கை சான்றாகிறது. உத்தரப் பிரதேசத்தில் பிறந்து அலிகரில் பயின்ற இவர் 1940களிலும் 50களிலும் ஆண் பயில்வான்களோடு மோதினார். தம்மை வெல்பவரை மணந்துகொள்வதாக 1954இல் அவர் விடுத்த அறைகூவலை நாளிதழ்கள் பெரிதாக வெளியிட்டன. அவ்வாண்டு மே மாதம் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் வீழ்த்தினார். சுமார் 108 கிலோ எடையும் நாள்தோறும் அவர் குடித்த பாலின் அளவும்கூடச் செய்தியாயின. ஆனால் பரோடாவில் அவரை எதிர்க்க முதலில் ஒப்புக்கொண்டிருந்த சோட்டே காமா, பெண்ணோடு பொரமாட்டேன் என்று விலகினார். பூனாவில் மற்போர் அமைப்பொன்றின் எதிர்ப்பால் போட்டியே கைவிடப்பட்டது. பம்பாய் மாநிலத்தில் தம் போட்டிகள் தடுக்கப்படுவது குறித்து முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் அவர் முறையிட்டபோது, பெண் என்பதற்காகத் தடை இல்லை, அமைப்பாளர்கள் பொய்யான எதிராளிகளை நிறுத்துவதாகப் புகார்கள் வந்ததே காரணம் என்ற விடை கிடைத்தது. அமைப்பாளர் செய்ததாகச் சொல்லப்பட்ட பிழைக்குத் தண்டனை அமீதா பானுவின் தொழில்மீது விழுந்தது. ஐரோப்பாவுக்குச் சென்று பொர விரும்பிய அவரைப் பயிற்றுநர் சலாம் பயில்வான் அடித்துத் தடுத்ததாகக் குடும்பத்தார் பிற்காலத்தில் கூறியுள்ளனர். பிற்காலத்தில் அவர் கல்யாணில் பால் விற்றுப் பிழைத்து, 1986இல் காலமானார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கீழத்தஞ்சையில் மணலூர் மணியம்மை வேறொரு காரணத்துக்காகத் தம் உடலைப் பழக்கினார். அந்தணர் குலத்தில் பிறந்து இளமையில் கணவரை இழந்த அவர், பண்ணையாள்களையும் குத்தகையாளர்களையும் திரட்டிய உழவர் இயக்கத்தில் சேர்ந்து, தலைமுடியைக் கத்தரித்து, ஆண்களைப்போல் வேட்டியும் சட்டையும் அணிந்து, மிராசுதார்களின் அடியாள்களை எதிர்கொள்ளச் சிலம்பம் கற்றார். 1953இல் அவர் மறைந்தார். நாற்றுப் பறிப்பதிலும் நடவிலும் நாள்முழுதும் குனிந்து உழைத்த பெண்களின் வலிமைக்குக் கூலிக் கணக்கில்கூட உரிய மதிப்புக் கிட்டாத அந்த வயல்வெளியில், ஒரு பெண் கம்பெடுத்து நின்றது யாரும் சீட்டு வாங்கிப் பார்த்த காட்சி அன்று. ஆயினும் பெண்ணின் வலிமை யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தவர் என்ற வகையில் அமீதா பானுவுக்குக் கிட்டாத ஒன்று அவருக்குக் கிட்டியது.

அமெரிக்காவிலும் சிக்கல் இதே இடத்தில்தான் எழுந்தது. 1930களின் இறுதியிலிருந்து உலக வாகைப் பட்டத்தோடு விளங்கிய மில்ட்ரெட் பர்க்கின் போட்டிகளை அவருடைய கணவர் பில்லி வுல்ஃப் ஏற்பாடு செய்தார். மணமுறிவுக்குப் பின் போட்டி வாய்ப்புகளே பர்க்கின் கைவிட்டுப் போயின. பாலாமணி தம் குழுவில் கொண்டிருந்த இடத்தைப் பர்க் தம் தொழிலில் நிலைநிறுத்திக்கொள்ள முடியவில்லை. நியூயார்க் மாநிலம் 1972 வரை பெண்கள் மல்யுத்தத்தைத் தடைசெய்திருந்தது. சப்பானில் 1968இல் தொடங்கிய பெண்களுக்கான தனி நிறுவனம் பள்ளி மாணவிகளைப் பெருந்திரளான பார்வையாளராக்கி, பெண் பார்வையாளருக்காகப் பெண்கள் மோதும் புதுவகை அரங்கை உருவாக்கியது. ஆனால் மதுவும் புகையும் ஆண் நட்பும் கூடாது என்று விதித்ததோடு, இருபத்தாறு வயதளவில் ஓய்வு பெறவும் வற்புறுத்தியது.

தமிழகத்து வீடுகளுக்குத் தொலைக்காட்சி வழியாக வந்துசேர்ந்த அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ., தன் பெண்களை நெடுங்காலம் ‘திவா’ என்றே அழைத்து, சில நிமிடங்களில் முடியும் இடைக்காட்சிகளில் பயன்படுத்திவந்தது. 2016இல் அப்பெயர் கைவிடப்பட்டுப் பெண்கள் வாகைப் பட்டம் ஏற்படுத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் அந்நிறுவனத்தின் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் இறுதிப் போட்டியாகப் பெண்களின் மோதல் முதன்முறையாக நடந்தது. இம்மாற்றத்தின் நடுவே 2017இல், பளுதூக்குதலில் தெற்காசியப் போட்டித் தங்கம் வென்றவரும் மல்லர் கிரேட் காளியின் ஜலந்தர் மல்யுத்தப் பள்ளியில் பயின்றவருமான அரியானாவின் கவிதா தேவி, அந்நிறுவனத்தின் களத்தில் சல்வார் கமீசோடு இறங்கினார். பெண் மல்லர் குறைந்த ஆடையோடு தோன்ற வேண்டும் என்ற பழைய வழக்கத்தை அவ்வுடை மறுத்தது உண்மை. எனினும் அவரை எப்போது நிறுத்துவது, எந்தக் கதையில் நிறுத்துவது என்பவை நிறுவனத்தின் முடிவாகவே இருந்தன. 2021இல் அவரது ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது.

முடிவுகள் முன்கூட்டி எழுதப்படாத போட்டி மல்யுத்தத்திலும் நிர்வாகக் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2004 ஏதென்சு ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் சேர்க்கப்பட்டு, 2016 ரியோவில் இந்தியாவின் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்ற பின்பும், இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர்மீது பாலியல் புகார் எழுப்பிய வீராங்கனைகள் 2023இல் தில்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் போராட்டத்தில் அமர வேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த கூட்டமைப்புத் தேர்தலில் அத்தலைவருக்கு நெருக்கமானவரே வென்றதும், சாக்‌ஷி மாலிக் மற்போரிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.