புருவத்தில் எழுதப்பட்ட வரலாறு

வரலாறு என்றதும் முடிகளையும் படைகளையும் உடன்படிக்கைகளையுமே எண்ணிப் பழகிவிட்டோம். பாடநூல்களும் நம்மை அவ்வாறே பழக்கியுள்ளன. ஆயினும், மக்கள் வாழ்வோடு ஒட்டிக் கிடக்கும் சின்னஞ்சிறு பொருள்கள் சில, அரசவை ஏடுகள் கூற மறந்த உண்மைகளைக் கூறவல்லன. மருதோன்றி அத்தகைய பொருள்களுள் ஒன்று. பெருநாளுக்கு முதல்நாள் இரவு, மணவீட்டு முற்றம், அம்மியில் அரைபடும் பச்சிலையின் மணம் ஆகியவற்றை அறியாதார் நம்மிடையே மிகச் சிலரே.

அவ்விலையின் பெயர் இன்று வேறோர் இடத்தில் பெரிதும் வழங்குகின்றது. அழகு நிலையங்களில், சிறு பொட்டலத்தில் அடைத்துவரும் பொடியை நீரிற் குழைத்துப் புருவத்திற் பூசி, 10 அல்லது 20 நிமிடத்தில் துடைத்துவிடுகின்றனர். புருவ மயிரும் அதன் கீழுள்ள தோலும் ஒருங்கே நிறம் பெறுகின்றன. மேற்றோல் நாள்தோறும் உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால் தோலில் அந்நிறம் சில நாட்களே நிற்கும். மயிரில் சில வாரங்கள் நிற்கும். இச்சிறு வழக்கத்தை அழகுக் குறிப்பு எழுதுவோரிடம் விட்டுவிடலாமே, இதில் வரலாறு எங்கே வந்தது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அம்மியிலிருந்து பொட்டலத்துக்கு வந்த வழியில் ஓர் அரசின் தடையாணை நிற்கின்றது. உழவர் கிளர்ச்சி ஒன்று நிற்கின்றது. கண்ணொளி இழந்த பெண்கள் நிற்கின்றனர். அவ்வழியைத் திரும்பிப் பார்ப்பது வீணாகாது.

முதலில் இலையின் இயல்பை அறிவோம். மருதோன்றி இலையில் லோசோன் என்னும் நிறப்பொருள் ஏறத்தாழ 1 வீத அளவில் அடங்கியுள்ளது. இலையை அரைத்து, தேசிக்காய்ச் சாறு போன்ற புளிப்போடு சேர்த்து வைக்கையில் அது வெளிப்படுகின்றது. தோலிலும் நகத்திலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு பிணைந்து செந்நிறம் தருகின்றது. இதற்கு மணிக்கணக்கான நேரம் வேண்டும். தனி மருதோன்றி கறுப்பைத் தருவதில்லை என்பதும் இங்கு மனங்கொள்ளத் தக்கது. கருநிறம் வேண்டுமாயின் அவுரி இலையின் துணை வேண்டும். மருதோன்றியின் செம்மையும் அவுரியின் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று படிகையிலேயே மயிர் கபில நிறமும் கருமையும் பெறுகின்றது.

இவ்வுண்மையைப் பாரசீகத்துப் பெண்கள் வேதியியல் நூல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். அவர்தம் மரபுவழி ஒப்பனைப் பொருள்கள் ஏழனுள் கைக்கும் காலுக்கும் கூந்தலுக்கும் உரியது மருதோன்றி. புருவத்துக்கு உரியது வஸ்மா எனப்படும் நீலச்சாய இலை. 17ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிற் பயணம் செய்த பிரெஞ்சுக்காரரான ஷார்தான், அடர்ந்து, ஒன்றையொன்று தொடும் கரும்புருவமே அங்கு பேரழகாக மதிக்கப்பட்டதென்றும், இயற்கையில் அந்நிறம் வாய்க்காத பெண்கள் அதற்குக் கருமை ஊட்டினர் என்றும் எழுதிவைத்துள்ளார். மத்திய ஆசியாவில் உஸ்பெக், தாஜிக், உய்குர் மக்களிடையே உஸ்மா என்னும் இலையைக் கசக்கிப் பிழிந்த பச்சைச் சாற்றைத் தாய்மார் சிறுமியரின் புருவத்தில் தடவும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்துள்ளது.

பழையதெல்லாம் பொற்காலம் என்று போற்றுவது நமது நோக்கமன்று. மாளிகைப் பெண்ணின் ஒப்பனைக்குப் பணிப்பெண்ணின் கையே இலை அரைத்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை. எனினும் ஒன்று உறுதி. எந்த இலை, எவ்வளவு, எத்தனை நாழிகை என்ற அறிவு பாவிப்போரிடமும் அவரைச் சூழ்ந்த பெண்களிடமும் இருந்தது. அரைத்தவளுக்குத் தான் அரைத்தது இன்னதென்று தெரியும். இந்த அறிவு எவ்வாறு மக்கள் கையைவிட்டுப் போயிற்று என்பதே நமது வினா.

அவ்வறிவின்மீது அதிகாரத்தின் கை வெளிப்படையாக விழுந்த இடங்களுள் ஒன்று ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா. 1492இல் அந்நகரம் கத்தோலிக்க அரசரிடம் சரணடைந்தபோது, முஸ்லிம்களின் சமயமும் வழக்கங்களும் காக்கப்படும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. பத்தாண்டு முடிவதற்குள் அவ்வுறுதி காற்றிற் பறந்தது. மக்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட அம்மக்கள்மீது 1567ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பிலிப் மன்னனின் ஆணை பறைசாற்றப்பட்டது. அரபு மொழி பேசலாகாது. மரபுவழி உடை உடுத்தலாகாது. பொதுக் குளிப்பிடங்கள் மூடப்படவேண்டும். பெண்கள் மருதோன்றி இடலாகாது! ஒரு பேரரசு தன் ஆணையிலே ஓர் இலையின் சாயத்துக்கும் இடம் ஒதுக்கியது. கையிலும் கூந்தலிலும் தெரிந்த செந்நிறம் மத விசாரணை மன்றங்களில் குற்றச் சான்றாயிற்று.

பிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலெய் என்னும் முதிய மொரிஸ்கோப் பெருமகன் இவ்வாணையை எதிர்த்துக் கிரனாடா நீதிமன்றத் தலைவருக்கு விண்ணப்பம் ஒன்று வரைந்தார். உடையும் பேச்சும் வட்டாரத்துக்கு உரியன, சமயத்துக்கு உரியன அல்ல என்று அவர் வாதித்தார். கீழைநாட்டுக் கிறித்தவரும் அரபு பேசவில்லையா என்று கேட்டார். மருதோன்றி இடுவது தலையைத் தூய்மை செய்யும் வழக்கமேயன்றிச் சமயச் சடங்கன்று என்று விளக்கினார். அறிவார்ந்த அந்த விண்ணப்பம் செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. 1568ஆம் ஆண்டின் இறுதியில் அல்புஹாராஸ் மலைநாட்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, கிரனாடா மொரிஸ்கோக்கள் தம் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு ஸ்பெயினின் பிற பகுதிகளிற் சிதறடிக்கப்பட்டனர். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். ஒரு மக்கட் கூட்டத்தை ஒடுக்க முனையும் ஆட்சி, அதன் மொழியோடு நின்றுவிடாது பெண்களின் விரல் நுனிவரை தேடிச் செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கிரனாடாவில் அரச ஆணை செய்ய முனைந்ததைப் பிற்காலத்தில் சந்தை வேறு முறையிற் செய்தது. மருதோன்றியின் துணையான அவுரியின் கதையை இங்கு நோக்குவோம். ஐரோப்பிய ஆடை ஆலைகளின் தேவைக்காக வங்காளத்து உழவர் நெல் விளையும் நிலத்தில் அவுரி பயிரிடுமாறு ஆங்கிலத் தோட்டக்காரரால் நெருக்கப்பட்டனர். முன்பணம் என்ற பெயரில் தீராக் கடன் அவர் கழுத்தை இறுக்கியது. 1859இல் அவர்கள் விதைக்க மறுத்து எழுந்தனர். அக்கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860இல் 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகமாக்கினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக ஜேம்ஸ் லோங் பாதிரியார் 1861இல் சிறை சென்றார். கலை மக்களின் பக்கம் நின்ற நாட்களுள் அதுவும் ஒன்று.

அதே காலத்தில் சாயம் மண்ணைவிட்டே அகலத் தொடங்கியது. 1856இல் இங்கிலாந்தில் பேர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். 1897இல் ஜெர்மானிய ஆலை செய்த செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவுரி வாணிகத்தை வீழ்த்தியது. நிலக்கரித் தாரின் வழிவந்த பொருள்களுள் பராபினிலீன்டையமீன் என்பதும் ஒன்று. மயிரை விரைவாகவும் கருமையாகவும் நிறமூட்டும் ஆற்றல் அதற்குண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இவ்வகைச் சாயங்கள் தலைமயிருக்கெனப் பெருவாணிகமாக வளர்ந்தன. விஞ்ஞானத்தின் இவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வெற்றி யாருடைய கணக்கில், யாருடைய உடலின்மேல் நடத்தப்பட்டது என்பதையே கேட்கின்றோம்.

1933இல் அமெரிக்க அழகு நிலையங்களில் 'லாஷ் லூர்' என்னும் பெயரில் புருவத்துக்கும் இமை மயிருக்கும் உரிய சாயம் ஒன்று விற்பனையாகியது. அதன் உள்ளே இருந்தது இந்த நிலக்கரித்தார்ச் சாயமே. பூசிக்கொண்ட பெண்கள் சிலருக்குக் கண்ணும் முகமும் வீங்கிப் புண்ணாகின. சிலர் பார்வையை இழந்தனர். ஒருவர் உயிரையே இழந்தார். அப்பொழுது அந்நாட்டில் நடைமுறையிலிருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. ஒப்பனைப் பொருளைத் தொடவே இல்லை. எனவே விற்பனையை நிறுத்த அரசுக்கு அதிகாரம் இருக்கவில்லை. உணவு மருந்து நிருவாகத்தார் இத்தகைய பொருள்களின் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். பத்திரிகையாளர் அதற்குக் 'கொடுமைகளின் கூடம்' என்று பெயரிட்டனர். பெண்கள் சங்கங்கள் புதிய சட்டம் கேட்டுக் குரல் எழுப்பின. உற்பத்தியாளரோ ஐந்தாண்டு இழுத்தடித்தனர். 1937இல் நச்சு மருந்தொன்று நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பின்னரே, 1938இல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்கீழ்க் கைப்பற்றப்பட்ட முதல் ஒப்பனைப் பொருள் லாஷ் லூரே.

அச்சட்டத்திலும் ஒரு பொத்தல் விடப்பட்டது. எச்சரிக்கை வாசகம் அச்சிட்டிருந்தால் நிலக்கரித்தார்ச் சாயத்தைத் தலைமயிருக்கு விற்கலாம். ஆனால் இமைக்கும் புருவத்துக்கும் பாவித்தால் குருடாகலாம் என்று அவ்வாசகமே கூறவேண்டும். மருதோன்றிக்கும் அமெரிக்க விதிகள் மயிர்ச்சாயம் என்ற அளவிலேயே இடம் தருகின்றன. புருவத்திலும் இமையிலும் கண்ணைச் சூழ்ந்த பகுதியிலும் அதனைப் பாவிக்க அவை இடமளிப்பதில்லை.

பெண்களின் கண்ணை விலையாகக் கொடுத்துப் பெற்ற இப்பாடம் ஏழை நாடுகளுக்கு எட்டியதா? சூடானில் மருதோன்றியைக் கறுப்பாக்கவும் விரைவாக்கவும் பெண்கள் சந்தையில் 'கல்' என்ற பெயரில் விற்ற ஒரு பொருளைக் கலந்தனர். அக்கல் பராபினிலீன்டையமீனே. அதனால் மூச்சுக் குழல் வீங்கியும் சிறுநீரகம் பழுதுற்றும் மாண்டோரைப் பற்றி மருத்துவர்கள் 1980களில் எழுதினர். கறுப்பு மருதோன்றி என்ற பெயரில் உல்லாசப் பயணிகளின் கடற்கரைகளில் கைகளில் வரையப்படும் சித்திரங்களிலும் இப்பொருள் கலந்திருப்பது பன்முறை கண்டறியப்பட்டுள்ளது. இதற்கு ஒருமுறை ஒவ்வாமை கொண்ட உடல் வாழ்நாள் முழுவதும் அதனை மறப்பதில்லை.

இன்றைய புருவப் பொட்டலத்துக்கு வருவோம். எல்லாப் பொட்டலமும் நஞ்சு என்று கூறுவது அறிவுடைமையாகாது. ஆனால் நிறமும் நேரமும் பொய் சொல்லாத சாட்சிகள். தனி மருதோன்றி செந்நிறமே தரும், மெதுவாகவே தரும். சில நிமிடங்களில் கருங்கபிலம் தருவேன் என்று ஒரு பொடி கூறுமாயின், அதனுள் வேறொன்று இருக்கின்றது. அவ்வேறொன்றின் பெயர் உறையில் உண்டா? உண்டாயின் நமது பெண்கள் படிக்கக்கூடிய மொழியில் உண்டா? இயற்கை என்ற சொல்லும் காப்புறுதிப் பத்திரமன்று. ஜி6பிடி என்னும் நொதியம் குறைந்த குழந்தைகளின் உடம்பில் தூய மருதோன்றியைப் பூசினாலும் செங்குருதிக் கலங்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மருத்துவம் பதிவு செய்துள்ளது. பழைய அறிவையும் புதிய அறிவையும் சேர்த்தே நாம் கற்கவேண்டும்.

பொட்டலத்தின் மறுமுனையில் நிற்போரையும் மறத்தல் தகாது. இராஜஸ்தானில் பாலி மாவட்டத்துச் சோஜத் வட்டாரம் மருதோன்றிக்குப் பேர்போனது. அந்த வறண்ட மண்ணின் இலைக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கு முட்செடியை ஒரு கையாற் பற்றி மறுகையால் அரிவாள் கொண்டு அறுப்போர் கூலித் தொழிலாளர். பொடியை நாள்தோறும் குழைப்போர் அழகு நிலையப் பெண்கள். மயிர்ச் சாயத்தால் கையில் தீராத தோல்நோய் கொள்ளும் தொழிலாளருள் இவர்கள் முன்வரிசையில் உள்ளனர். அறுப்பவருக்கு விலை தெரியாது. குழைப்பவருக்கு உள்ளடக்கம் தெரியாது. பூசிக்கொள்பவருக்கு இரண்டும் தெரியாது. மூவருக்கும் தெரியாதது ஒருவருக்குத் தெரியும். இலாபம் அவரிடமே சேர்கின்றது.

அழகை நாடுவது குற்றமெனக் கூறும் துறவிகள் அல்லர் நாம். புருவம் தீட்டிக்கொள்வதும் தீட்டாதிருப்பதும் அப்பெண்ணின் உரிமை. கிரனாடாவில் பறிக்கப்பட்டது அவ்வுரிமையே. ஆனால் தன் முகத்தில் பூசப்படுவது இன்னதென்று அறியும் உரிமை இல்லாவிடில், அந்த உரிமை பாதி உரிமையே. ஆசிரியர்கள் வேதியியல் வகுப்பில் ஒருநாள் இவ்விலையை அரைத்துக் காட்டட்டும். மாணவர்கள் வீட்டிலுள்ள பொட்டலத்தின் உறையைப் படித்துப் பார்க்கட்டும். உள்ளிருப்பதை ஒளியாது எழுதுமாறும், நம் மொழிகளில் எழுதுமாறும் சட்டம் வேண்டுமென்று கேட்கட்டும். அம்மியின் முன்னிருந்த நம் பாட்டிமார் எழுத்தறியாதோராய் இருந்திருக்கலாம். எனினும் தம் கையில் இருப்பது எதுவென்று அவர்கள் அறிந்திருந்தனர். எழுத்தறிந்த நாம் அதனை அறியாதிருத்தல் ஆகுமா?