பந்து யார் கையில்?



கூடைப்பந்தில் பந்தை முன்னே கொண்டு சென்று ஆட்டத்தை நடத்துகிறவரைப் பாயிண்ட் கார்டு என்பார்கள். அவர் தாமே கூடையில் எறிய வேண்டுமா, மற்றவருக்குக் கொடுப்பதையே முதற்கடமையாகக் கொள்ள வேண்டுமா என்பது பழைய வழக்கு. வாலிபர்கள் இதைக் குறித்து வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். இது நம் ஊழியங்களுக்கும் உரிய கேள்வி.

இவ்விளையாட்டை 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் பயின்றவர். பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது அவர் எழுதிய 13 விதிகளில் ஒன்று. பந்தோடு தனியே கூடைவரை செல்ல ஒருவராலும் இயலாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் வழக்கம் பின்னர்தான் வந்தது. தனி ஆளின் ஆட்டத்துக்கு வழி பிறந்ததும் அப்போதுதான்.

1972-73 பருவத்தில் கான்சாஸ் சிட்டி-ஒமாஹா கிங்ஸ் அணியின் நேட் ஆர்ச்சிபால்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 34 புள்ளிகள் எடுத்தார். பிறர் புள்ளி எடுக்கத் துணைசெய்யும் அசிஸ்ட்களும் சராசரி 11.4. இரண்டிலும் அவரே முதலிடம். எறிந்தவரும் அவரே, கொடுத்தவரும் அவரே. ஆனால் அவருடைய அணி 82 ஆட்டங்களில் 36 மட்டுமே வென்று, அடுத்த சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. 1981-இல் அவர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் சாம்பியன் ஆனபோது சராசரி 13.8 புள்ளிகள்தான். லாரி பேர்டு போன்ற துணைவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதும் உண்மையே. துணைவர் இருக்கையில் கையைத் தாழ்த்திக்கொள்ள அவர் அறிந்திருந்தார்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்த மோசேயை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் ஜனங்களும் சேர்ந்தே தளர்ந்துபோவார்கள் என்று மாமனார் எத்திரோ எச்சரித்தார். ஞாயிறு பள்ளியையும் பாடகர் குழுவையும் கணக்குப் புத்தகத்தையும் ஒருவரே சுமக்கும் சபைகளை நீங்கள் அறிவீர்கள்.

இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னவனாவேன். 1980 மே 16 அன்று பிலடெல்பியாவில் இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டம். லேக்கர்ஸ் அணியின் பெருந்தூணான கரீம் அப்துல்-ஜபார் கணுக்கால் காயத்தால் வரவில்லை. அற்புதமாகப் பந்து கொடுப்பவர் என்று பெயர் பெற்றிருந்த 20 வயது மேஜிக் ஜான்சன் அன்று அவருடைய இடத்தில் நின்று 42 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் 123-107 என்று வென்று கோப்பையைப் பெற்றது. அன்று அவர் எறியத் தயங்கியிருந்தால் அதைத் தாழ்மை என்போமா?

நான்காம் அதிகாரத்து மோசே தயங்கினார். வேறொருவரை அனுப்பும்படி வேண்டிக்கொண்டார். கர்த்தர் கோபமடைந்து ஆரோனைத் துணையாகத் தந்தார். ஜெபிக்க அழைத்தால் அடுத்தவரைக் கைகாட்டும் நண்பரே, அந்த அதிகாரத்தை இவ்வாரம் வாசியுங்கள். பிறகு 32-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள்: மோசே மலைமேல் இருந்தபோது ஜனங்களுக்காக ஆரோனின் கைகள் எதை உருவாக்கின என்று.