கலங்கலும் கணினியும்

கருங்குழிப் பக்கம் அடைமழை பிடித்தால் பேச்சு மதுராந்தகம் ஏரிக்குப் போய்விடும். 1790களில் ஜாகீர் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் காலத்தில் உடையவிருந்த கரையை ராமர் காத்தார் என்பது கதை. கதையில் சாமி உண்டு, துரை உண்டு; மண் சுமந்தவர்கள் இல்லை. கலங்கலும் இல்லை. ஏரி நிரம்பினால் யாரும் திறக்காமலே உபரிநீர் வழிந்துபோகக் கட்டிவைத்த கல்வரிசை அது.

அணுவுலைக்காரர்கள் 'பாசிவ்' பாதுகாப்பு என்பதும் இதைத்தான். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகிய உப்பு உலையின் வடிகுழாயில் உறைந்த உப்பே அடைப்பாக இருந்தது. குளிர்காற்று நின்றால் அடைப்பு உருகும். எரிபொருள் தொட்டிக்கு வடிந்துவிடும்.

நமக்குக் கிழக்கே கல்பாக்கத்தில் உப்பு இல்லை, சோடியம். 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலை. உலையை நிறுத்தினாலும் சூடு நிற்காது. நிறுத்திய கணத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு மிச்சமிருக்கும். அதை வெளியேற்றத் தலா 8 மெகாவாட்டில் 4 சுற்றுகள். சூடேறிய சோடியம் லேசாகி மேலேறும், காற்றிடம் வெப்பத்தை இறக்கிவைத்துக் கனத்துக் கீழே வரும். பம்ப் வேண்டாம். இதைக் கணினியிலும், 22இல் ஒரு பங்கு அளவான 'சாதனா' என்கிற சோதனைச் சுற்றிலும் பார்த்தார்கள். கணக்கு பொய் என்று நாம் சொல்லவில்லை. பௌதிகம் கட்சி மாறாது.

ஆனால் 'பாசிவ்' என்பதற்கு இலக்கணத்தில் செயப்பாட்டுவினை என்று பெயர். அதில் செய்தவனைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். உலை குளிர்விக்கப்படும். யாரால்? காற்றுப்பாதையின் கதவு திறந்தால்தானே காற்று வரும்? கல்பாக்கத்தில் கதவுகளை இருவேறு விதமாக இயங்கும்படி அமைத்திருக்கிறார்கள்; அந்தப் பயம் அவர்களுக்கும் உண்டு. 2011 மார்ச் 11இல் புகுஷிமாவின் முதல் உலையிலும் பம்ப் தேவைப்படாத குளிர்விப்பான் இருந்தது. மின்சாரம் போனதும் வால்வுகள் மூடிக்கொண்டன. அது ஓடுகிறதா இல்லையா என்பதே கட்டுப்பாட்டு அறைக்கு வெகுநேரம் பிடிபடவில்லை.

2004 டிசம்பர் 26இல் ஈனுலைக்குத் தோண்டிய பள்ளத்தில் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த பக்கத்து அணுமின் உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அதே காலையில் ஊழியர் குடியிருப்பிலும் மீனவக் குப்பங்களிலும் சனங்கள் செத்தார்கள். உலையின் பாதுகாப்பும் ஊரின் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கணினி மாதிரியில் சோடியத்தின் அடர்த்தி இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்துக் கிழவி எந்த வண்டியேறித் தப்புவாள் என்பது இல்லை.

கலங்கலும் தானாக வேலை செய்ததில்லை. குடிமராமத்து என்று ஊர் இறங்கித் தூர்வாரியதால் செய்தது. எந்த மட்டத்தில் தண்ணீர் வழியும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. 2024 மார்ச் 4இல் ஈனுலையின் உலைமையத்தை நிரப்பும் பணியைத் தொடங்கிவைத்தார்கள். அந்தக் கதவுகளைச் சோதித்த கணக்கைப் புதுப்பட்டினத்துக்காரன் தமிழில் கேட்டால் அது அறியாமை ஆகாது. தன் ஏரியின் மட்டத்தைக் கேட்கிறான், அவ்வளவுதான்.