மண்ணீரலும் ஜாதகமும்

பத்தாங் பெர்ஜுந்தாய் கிளினிக்கில் டாக்டர் சொன்னார்: "எம்.சி.எச். 27க்குக் கீழ இருக்கு. இரும்புச்சத்துக் குறைவா, தலசீமியா கேரியரான்னு இன்னொரு டெஸ்ட்ல பாக்கணும்." அம்மாவுக்கு உடனே என் கல்யாணக் கவலை.

நான் பழைய கதையைத் தேடினேன். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்புநிலத்தில் வடிகால் வெட்டவைத்து மலேரியாவைக் குறைத்தவர். தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணித்தான் அவர் காய்ச்சலை அளந்தார். 1949இல் ஹால்டேன் ஓர் ஊகம் சொன்னார்: தலசீமியாவைச் சுமப்பவர்கள் மலேரியாவுக்கு ஓரளவு தப்புவார்கள். அப்படியென்றால் இது குறையல்ல, யாரோ ஒரு மூதாதை பிழைத்த தடயம்.

கேரியர் நோயாளி இல்லை. இருவரும் கேரியராக இருந்தால்தான் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. ரிசல்ட் இன்னும் வரல. அம்மாகிட்ட சொல்லிட்டேன்: "நமக்கு இருக்குன்னு வந்தா, பொண்ணு வீட்டுல ஜாதகத்தோட ரத்த ரிப்போர்ட்டும் கேளும்மா."