எழுத்தைக் கையால் படிக்கும் முறை பிறந்த கதை

1925-இல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில், கிரீன் என்ற மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் மனநல முகாம் வந்தது. மந்தமானவர்கள், பாடத்தில் தேறாதவர்கள் இருந்தால் அனுப்பச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்டிருந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவன் பதினாறு வயதுப் பையன். மருத்துவக் குறிப்பில் அவனுக்கு எம்.பி. என்ற முதலெழுத்துகள் மட்டும்தான். பல வருடம் பள்ளிக்கூடம் போயும் வாசிப்பு வரவில்லை. அறிவுத்திறன் சோதனையில் அவன் எடுத்தது 71. மக்கு என்று ஒதுக்கிவிட அந்த எண்ணே போதும்.

முகாமை நடத்திய டாக்டர் சாமுவேல் ஆர்ட்டன் அந்த எண்ணை நம்பவில்லை. இயந்திரங்களைப் பற்றிக் கேட்டால் பையன் அவற்றை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்துச் சட்டென்று பதில் சொன்னான். இவனிடம் இருக்கும் அறிவை இந்தச் சோதனை அளக்கவில்லை என்று ஆர்ட்டன் எழுதிவைத்தார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கையில் இருந்த எண்ணைவிட எதிரில் இருந்த பிள்ளையை அவர் நம்பினார்.

இப்படிப்பட்ட பிள்ளை மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1896-இலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், கெட்டிக்காரனாக இருந்தும் வாசிக்க முடியாத ஒரு சிறுவனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் என்ன குறை என்று சொல்வதோடு ஆர்ட்டன் நிற்கவில்லை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தேடினார். அன்றைய அமெரிக்கப் பள்ளிகளில் முழுச் சொல்லையும் அட்டையில் காட்டி, பார்த்தே மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கம் பரவியிருந்தது. சில பிள்ளைகளுக்கு அந்த முறையே இடைஞ்சல் என்று 1929-இல் அவர் கட்டுரை எழுதினார். ஒலியில் தொடங்க வேண்டும், கையும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அதைப் பாடமாக்கியவர்கள் இரண்டு பெண்கள். நியூயார்க்கில் பள்ளி உளவியலாளராக இருந்த அன்னா கில்லிங்ஹாம் 1930-களின் தொடக்கத்தில் ஆர்ட்டனுடன் சேர்ந்தார். உடன் உழைத்தவர் ஆசிரியை பெஸ்ஸி ஸ்டில்மன். இருவரும் எழுதிய ஆசிரியர் கையேடு 1930-களின் நடுவில் வெளிவந்தது. முறைக்கு நிலைத்த பெயரோ ஆர்ட்டன்–கில்லிங்ஹாம். ஸ்டில்மன் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

பாடம் இப்படி நடக்கும். ஆசிரியர் ஒரு எழுத்து அட்டையைக் காட்டி அதன் ஒலியைச் சொல்வார், பிள்ளை திருப்பிச் சொல்லும். ஆசிரியர் எழுதிய எழுத்தின் மேலேயே முதலில் எழுதிப் பழகும். பிறகு பார்த்து எழுதும், அப்புறம் பாராமல் நினைவிலிருந்து எழுதும், கடைசியில் தாளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதும். கண் ஏமாற்றினாலும் கை ஏமாற்றாது என்ற நிலை வரும்வரை இது தொடரும். முதலில் பத்தே எழுத்துகள். அந்தப் பத்தில் 'பி' (b) உண்டு, 'டி' (d) இல்லை. இடவலம் மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிள்ளையின் முன் வைக்கக் கூடாது என்ற கரிசனம் அந்த வரிசையிலேயே இருக்கிறது. பத்தும் படிந்த பிறகு அவற்றால் ஆன சொற்களை அட்டையில் எழுதி ஒரு பெட்டியில் போட்டுவைப்பார்கள். அதற்குக் கையேடு வைத்த பெயர் நகைப்பெட்டி. பிள்ளை தானே ஒலி கூட்டி வாசிக்கக்கூடிய சொற்களுக்கு மட்டும்தான் அதில் இடம்.

ஆர்ட்டன் சொன்ன மூளை விளக்கம் நிலைக்கவில்லை. மூளையின் இரு பாதிகளில் எது ஆள்வது என்று தீராததால்தான் எழுத்து புரண்டு தெரிகிறது என்றார் அவர். சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்தறிவதில்தான் பெரும்பாலும் சிக்கல் என்கிறது இன்றைய ஆய்வு. கையால் எழுதிப் பழகுவது தனியாக எவ்வளவு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை ஊகத்துக்கு விடாமல் வெளிப்படையாக, படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது பலன் தருகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. விளக்கம் போனாலும் பாடம் நின்றதற்குக் காரணம், அது பிள்ளை தடுமாறும் இடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் செய்த பாடம்.

ஆர்ட்டன் 1948-இல் காலமானார். மறு ஆண்டே அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய சர்வதேச டிஸ்லெக்ஸியா (வாசிப்புக் குறைபாடு) சங்கம் அதன் தொடர்ச்சிதான். கில்லிங்ஹாமோ தொடர்ந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். தினமும் பாடம் வேண்டும், ஒன்று படிந்த பிறகுதான் அடுத்தது என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.